நூற்பட்டியலில் ஒரு புள்ளி எப்போது விழுகிறது?

முருகன், க.. நிலவில் நீர் உண்டா?. 2ஆம் பதிப்பு.

மேலே உள்ள கற்பனை வரியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. முன்னெழுத்தின் புள்ளியோடு இன்னொரு புள்ளி ஒட்டிக்கொண்டது. கேள்விக்குறியை அடுத்தும் ஒரு புள்ளி வந்துவிட்டது. கையால் எழுதுகிறவர் இப்படி எழுதமாட்டார். கண் பார்த்ததும் கை நின்றுவிடும். ஆனால் நூற்பட்டியலைத் தயாரிப்பது கணினி நிரல் என்றால், 'பெயருக்குப் பின் புள்ளி, தலைப்புக்குப் பின் புள்ளி' என்ற விதியை அது அப்படியே செய்து முடித்துவிடும். நிரலுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. லேடெக் போன்ற அச்சுக்கோப்பு முறைகள் அதை எப்படிச் செய்கின்றன என்பதும், பல மொழி நூல்கள் ஒரே பட்டியலில் வரும்போது என்ன ஆகிறது என்பதும் நான் மிகவும் ரசித்துப் படித்த விஷயங்கள்.

லேடெக்கில் எழுதுபவர் நூற்பட்டியலை நேரடியாகத் தட்டச்சு செய்வதில்லை. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என்று ஒவ்வொரு தகவலையும் தனித்தனிப் புலமாக ஒரு தரவுக் கோப்பில் போட்டுவைக்கிறார். அந்தக் கோப்பில் தகவல்களை இணைக்கும் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இருக்கவே கூடாது. தலைப்பின் கடைசியில் ஒரு புள்ளியைத் தட்டிவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை முதலில் விட்டுவிடுங்கள். எந்த இடத்தில் எந்தக் குறி வரவேண்டும் என்பது மொழிக்கும் பட்டியல் பாணிக்கும் ஏற்ப மாறும். தரவிலேயே எழுதிவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை.

லேடெக்குக்கு நூற்பட்டியல் தயாரித்துத் தரும் நிரலாக 1985இல் ஓரன் படாஷ்னிக் உருவாக்கிய பிப்டெக், புள்ளிச் சிக்கலுக்கு எளிமையான ஒரு தீர்வு வைத்திருந்தது. ஒரு எழுத்துத் தொடரின் கடைசி எழுத்து முற்றுப்புள்ளியா, கேள்விக்குறியா, வியப்புக்குறியா என்று பார்க்கும். மூன்றில் எதுவும் இல்லையென்றால் மட்டும் புள்ளி வைக்கும். அந்த மூன்று குறிகளுக்கு அப்பால் அதற்கு எதுவும் தெரியாது. இந்தித் தலைப்பு செங்குத்துக் கோடு போன்ற தண்டாவில் முடிந்தால், அதன் பின்னாலும் ஒரு புள்ளி விழும். அதோடு, அதன் வழக்கமான பாணிக் கோப்புகளில் 'அண்ட்', 'எடிட்டர்' போன்ற ஆங்கிலச் சொற்கள் நிரலுக்குள்ளேயே புதைந்து கிடந்தன. மொழியை மாற்ற வேண்டுமா, பாணிக் கோப்பையே திறந்து திருத்த வேண்டும். அந்தக் கோப்பின் மொழியோ, செயலைக் கடைசியில் சொல்லும் அடுக்கு முறை மொழி. பலர் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள்.

ஃபிலிப் லேமன் தொடங்கிய பிப்லேடெக் என்ற லேடெக் துணைத்தொகுப்பு இந்த வேலையை வேறு மாதிரி அணுகியது. இதில் நிறுத்தக்குறி உடனே அச்சாவதில்லை, ஒரு தற்காலிக இடத்தில் காத்திருக்கிறது. 'ஆசிரியர் பெயர் முடிந்தது, அடுத்த அலகு வரப்போகிறது' என்று பாணி சொன்னால், இடையில் வரவேண்டிய குறியை நிரல் மனத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும். அடுத்த புலத்தில் நிஜமாகவே ஏதாவது இருந்தால் அப்போது அந்தக் குறியை இறக்கும். புலம் காலியாக இருந்தால் எதுவும் நடக்காது. அதற்கடுத்த அலகு புதுக்குறி ஒன்றைச் சொன்னால் பழைய குறி போய்விடும். இதனால்தான் பதிப்பகம் தெரியாத நூலுக்கும் பட்டியலில் 'காற்புள்ளி, காற்புள்ளி' என்று வெற்றுக் குறிகள் அணிவகுப்பதில்லை.

சரி, முன்னால் என்ன அச்சானது என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? லேடெக்கின் அடித்தளமான டெக், அச்சான எழுத்துகளைத் திரும்பிப் படிக்காது. இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது.

டொனால்ட் நூத் டெக்கை வடிவமைத்தபோது, வாக்கியம் முடிந்ததும் இடைவெளி சற்று அகலமாக இருக்கவேண்டும் என்ற ஆங்கில அச்சு மரபுக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்தார். சாதாரண எழுத்துக்கு 1000, காற்புள்ளிக்கு 1250, அரைப்புள்ளிக்கு 1500, முக்காற்புள்ளிக்கு 2000, முற்றுப்புள்ளிக்கு 3000. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 999. இந்த ஒன்று குறைந்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1000க்குக் கீழிருந்து 1000க்கு மேல் ஒரே தாவலில் போகமுடியாது என்பது விதி. அதனால் பெரிய எழுத்தை அடுத்த புள்ளி முன்னெழுத்தின் புள்ளியாகவே கருதப்பட்டு, இடைவெளி அகலாது. வரி அச்சாகும்போது கடைசி எழுத்தின் எண்ணை டெக் நினைவில் வைத்திருக்கும். அதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பிப்லேடெக் இந்த எண்ணையே உளவாளியாக்கிக்கொண்டது. பட்டியலுக்குள் ஒவ்வொரு நிறுத்தக்குறிக்கும் மற்றதோடு மோதாத தனி எண் கொடுத்துவிடுகிறது. புதுக்குறி இறங்கும் முன் எண்ணைப் பார்க்கும். கேள்விக்குறியின் எண் இருந்தால் முற்றுப்புள்ளி வராது. சுருக்கப் புள்ளியும் வாக்கிய முற்றுப்புள்ளியும் தாளில் ஒரே உருவம்தான் என்றாலும் இங்கே அவற்றுக்கு வேறு வேறு எண்கள். ஆகவே 'தொகு.' என்ற சுருக்கத்துக்குப் பின் காற்புள்ளி வரலாம், வாக்கிய முற்றுப்புள்ளிக்குப் பின் வரமுடியாது. ஒரு புள்ளிக்கு இரண்டு அர்த்தங்கள் இருப்பதை நிரலுக்குப் புரியவைத்தது அந்தச் சிறிய எண். இடைவெளிக்காக வந்த ஒரு வசதி, பல ஆண்டுகள் கழித்து இலக்கணம் பார்க்கும் வேலைக்குப் பயன்பட்டதை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

இனி மொழி. பதிப்பாசிரியர், தொகுதி, பக்கம் போன்ற சொற்கள் பிப்லேடெக்கில் பாணியோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. மொழிக்கு ஒரு கோப்பு. அதில் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு சாவிப்பெயர், முழுவடிவம், சுருக்கவடிவம். நம் ஆவணத்தின் முகப்பிலேயே இவற்றை மாற்றி எழுதலாம். ஒற்றைப் பக்கத்துக்கு 'ப.', பல பக்கங்களுக்கு 'பக்.' என்று இரண்டு சாவிகளைக் கொடுத்துவைத்தால், பக்க எண் வீச்சா இல்லையா என்று பார்த்து நிரலே சரியானதைத் தேர்ந்தெடுக்கும். '2ஆம் பதிப்பு' என்பதில் 'ஆம்' ஒட்டுவதற்கும் மொழிக் கோப்பில் இடம் உண்டு.

ஆனால் சொற்களை மாற்றினால் மட்டும் தமிழ் வந்துவிடாது. இந்த முழு அமைப்பும் முன்னிடைச்சொல் உள்ள மொழிகளை நினைத்துக் கட்டப்பட்டது: தொகுத்தவரைக் குறிக்கும் சொல் முதலில், பெயர் பிறகு. தமிழில் பெயர் முதலில் வந்து, அதன் பின்னால்தான் வேற்றுமை உருபோ வினையோ வரும். 'இன்னார் தொகுத்த', 'இன்ன நூலில்' என்பதுதான் நம் வழக்கு. 'மற்றும்' இன்னும் பெரிய சிக்கல். ஆங்கிலத்தில் அது இரண்டு பெயர்களுக்கு நடுவில் நிற்கும் தனிச்சொல். தமிழில் இயல்பாக வருவது உம்மை, அது ஒவ்வொரு பெயரோடும் ஒட்டும்: முருகனும் வள்ளியும். முருகனில் 'னும்', வள்ளியில் 'யும்' என்று புணர்ச்சி மாறுவதால், பிரிப்பான் ஒன்றை நடுவில் போடும் அமைப்பால் இதைச் செய்யமுடியாது.

என் யோசனை இரண்டு. பெயர்களுக்கு நடுவில், கடைசிப் பெயருக்கு முன்னாலும்கூட, வெறும் காற்புள்ளியே வரட்டும். பிப்லேடெக்கில் 'கடைசிப் பெயர்ப் பிரிப்பான்' தனியாக இருப்பதால் அதை ஒரே வரியில் மாற்றலாம். தொகுத்தவருக்கு முக்காற்புள்ளி கைகொடுக்கும்: 'தொகுப்பு: க. முருகன்'. பெயர் எழுவாயாகவே நிற்பதால் உருபு தேவைப்படாது, வரிசையும் மாறாது. ஒரு நிறுத்தக்குறி இங்கே வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. 'இன்ன நூலில்' என்பதை மட்டும் சரியாகக் கொண்டுவர, அந்தப் பகுதியின் குறுநிரலையே மறுபடி எழுதிச் சொல்லைத் தலைப்புக்குப் பின்னால் தள்ளவேண்டும்.

பல மொழி நூல்கள் கலந்திருந்தால் ஒவ்வொரு பதிவிலும் அதன் மொழியை அடையாளப் புலத்தில் குறிக்கலாம். இதையும் 'மொழி' என்ற இன்னொரு புலத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னது வாசகருக்கு அச்சிட்டுக் காட்டுவது, முன்னதுதான் நிரலின் நடத்தையை மாற்றுவது. நானே இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். அடையாளம் கொடுத்த பிறகும் ஒரு தேர்வு நம்மிடம் இருக்கிறது. சொல்லை வரிமுனையில் உடைக்கும் விதி மட்டும் மாறவேண்டுமா, அல்லது 'தொகு.', 'பக்.' போன்ற சொற்களும் அந்த நூலின் மொழிக்கு மாறவேண்டுமா? தமிழ்ப் புத்தகத்தின் பட்டியலில் பிரெஞ்சு நூலுக்கு எதிரே பிரெஞ்சுச் சுருக்கம் வருவது பிரெஞ்சு தெரியாத வாசகருக்கு உதவாது. பட்டியலைப் படிக்கப்போகிறவரின் மொழியில் சொற்கள் இருக்கட்டும், நூலின் மொழியில் சொல்லுடைப்பு இருக்கட்டும் என்பதே என் கட்சி.

மேற்கோள்குறிகளுக்கு சிஎஸ்கோட்ஸ் என்ற துணைத்தொகுப்பு இருக்கிறது. 'இது மேற்கோள்' என்று மட்டும் குறித்தால் போதும். ஜெர்மனில் தொடக்கக்குறி வரியின் அடியில் வரும், பிரெஞ்சில் கோண வடிவில் உள்ளே இடைவெளியோடு வரும். மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் உள்குறிக்கு மாறுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அமெரிக்க மரபில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மூடும் குறிக்கு உள்ளே போகவேண்டும். காத்திருக்கும் குறி என்ற ஏற்பாடு இருப்பதால்தான் அதை உள்ளே நகர்த்தவும் முடிகிறது.

அப்புறம் அகரவரிசை. இதில் தமிழுக்கு வரும் சேதத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் யுனிகோடில் ந-வுக்கு அடுத்த இடத்தில் ன, ர-வுக்கு அடுத்து ற, வ-வுக்கு முன்னால் ழ. எண்களின் வரிசையில் மட்டும் அடுக்கினால் கழனி முதலிலும் கவிதா பிறகும் வரும், மரகதத்துக்கு முன்னால் மனோன்மணி வந்து உட்காருவார். மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது என்பதால், அகராதியில் முன்னால் வரவேண்டிய 'கல்வி' 'கலை'க்குப் பின்னால் போய்விடும்.

பிப்லேடெக்கின் பின்னணியில் வரிசைப்படுத்தும் வேலையைச் செய்வது பீபர் என்ற நிரல். பிரான்சுவா ஷாரெட்டும் ஃபிலிப் கைமும் உருவாக்கியது. இது யுனிகோட் வரிசையாக்க விதிமுறையைப் பின்பற்றுகிறது, எந்த மொழியின் மரபு என்று சொல்லவும் இடம் தருகிறது. ஸ்வீடிஷில் இரட்டைப்புள்ளி இட்ட 'ஓ' அகரவரிசையின் கடைசியில் வரும், ஜெர்மன் அகராதியில் சாதாரண 'ஓ'வோடு சேர்ந்து வரும். ஆகவே ஒரு பட்டியலுக்கு ஒரு மரபுதான் இருக்கமுடியும். தமிழ், ஆங்கில நூல்கள் கலந்த பட்டியலில் தமிழை முன்னால் வைக்க விரும்பினால் அதற்கென்றே ஒரு முன்வரிசைப் புலம் இருக்கிறது. நாம் எதுவும் தராத பதிவுகளுக்கு அதன் மதிப்பு இரண்டு 'எம்' எழுத்துகள். தமிழ்ப் பதிவுகளில் மட்டும் இரண்டு 'ஏ' எழுத்துகளை இட்டால் அவை ஒரு கூட்டமாக மேலே வந்துவிடும், அந்தக் கூட்டத்துக்குள் கவிதா கழனிக்கு முன்னால் நிற்பார்.