34-ஆம் இடத்து மேதை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் நண்பர் நியூஃபவுண்ட்லாந்து நாய் வளர்க்கிறார். மனுஷன் மாதிரி யோசிக்கும், பேச்சு மட்டும்தான் வராது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஆனால் உட்காரச் சொன்னால் நாலு தடவை சொன்ன பிறகுதான் உட்காருகிறது. இது புத்திசாலியா, இல்லையா?"

இந்த நாயை வளர்ப்பவர்கள் பேசிக் கேட்டால் இரண்டு பாட்டும் சேர்ந்தே வரும். எல்லாம் புரியும் என்பார்கள், அடுத்த மூச்சிலேயே ஆனால் அதுக்கு மனசு வரணும் என்பார்கள். உட்கார் என்றால் உங்களை ஒரு பார்வை பார்க்கும், எதற்கு உட்கார வேண்டும் என்று யோசிக்கும், அப்புறம் ஏதோ உங்களுக்காகப் போனால் போகிறது என்று உட்காரும். அதே நாய், நீங்கள் ஏரியில் நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தால் யாரும் சொல்லாமலே குதித்து வந்து, மணிக்கட்டைப் பதமாகக் கவ்வி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் விடாமல் கரைக்கு இழுத்து வந்துவிடும். "சொன்னதைச் செய்யாது, செய்ய வேண்டியதைச் செய்யும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். இந்தப் பெருமையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பாசம் என்பதுதான் விஷயம்.

நாயைப் பற்றிச் சுருக்கமாக. கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற நியூஃபவுண்ட்லாந்து தீவின் மீனவர்களிடம் வளர்ந்த இனம். வலையை இழுத்தது, வண்டி இழுத்தது, குளிர்ந்த கடலில் விழுந்தவனை இழுத்தது. மொத்தத்தில் இழுப்பதுதான் தொழில். ஆண் நாய் 60 முதல் 70 கிலோ வரை வரும். விரல்களுக்கு இடையே சவ்வு, தண்ணீர் உள்ளே இறங்காத எண்ணெய்ப் பசையுள்ள இரட்டை ரோமம், எந்நேரமும் வாயிலிருந்து ஒழுகுகிற ஜொள்ளு. இது போதும்.

இப்போது மதிப்பெண் பட்டியலுக்கு வருவோம். ஸ்டான்லி கோரன் என்ற உளவியலாளர் 1990-களில், வட அமெரிக்காவில் நாய்களுக்கு நடக்கும் கீழ்ப்படிதல் போட்டிகளின் நடுவர்கள் 199 பேரிடம் கேட்டு, எந்த இனம் எவ்வளவு சீக்கிரம் கற்கிறது என்று வரிசைப்படுத்தினார். முதலிடம் பார்டர் கோலிக்கு. முதல் வரிசை நாய்கள் புதுக் கட்டளையை 5 தடவைக்குள் பிடித்துக்கொள்ளும், முதல் தடவை சொன்னதுமே 95 சதவீத நேரம் செய்துவிடும். நம்ம ஆள் 34-ஆவது இடம். அவர் இருக்கும் வகுப்புக்கு 15 முதல் 25 தடவை சொல்லித் தர வேண்டும், முதல் சொல்லுக்குப் பணிவது 70 சதவீதம். ஆக உங்கள் நண்பரின் நாய் நாலு தடவை கேட்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பட்டியல் அளந்தது கீழ்ப்படிதலை. நாயின் அறிவை மூன்றாகப் பிரித்து, பிறவித் திறமை வேறு, தானாகப் பிரச்சினையைத் தீர்ப்பது வேறு, மனிதன் சொன்னதைக் கற்றுச் செய்வது வேறு என்று சொன்னவரும் அதே கோரன்தான். பட்டியல் இந்த மூன்றாவதுக்கு மட்டுமே போட்டது, நாம் எல்லோரும் அதை நாய்களின் ரேங்க் கார்டாக ஆக்கிக்கொண்டோம். பார்டர் கோலி ஆடு மேய்க்கிற நாய். மேய்ப்பனின் விசிலுக்கு நொடிக்கு நொடி திரும்ப வேண்டிய வேலை. அலையில் விழுந்தவனை நோக்கி நீந்துகிற நாய்க்கு விசில் கேட்கவே கேட்காது, அது தானாகத்தான் முடிவெடுத்தாக வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதை எப்படி நியாயம் என்பது?

சரி, தானாக முடிவெடுக்கிற அந்த அறிவு எங்கிருந்து வருகிறது? இதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1908-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட பாரிஸ் செய்தி. சேன் நதிக்கரையில் ஒரு நியூஃபவுண்ட்லாந்து நாய். தண்ணீரில் விழுந்த குழந்தையைப் பாய்ந்து காப்பாற்றியது. குழந்தையின் அப்பா மகிழ்ந்துபோய் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு கொடுத்தார். இரண்டு நாளில் இன்னொரு குழந்தை விழுந்தது, மறுபடி காப்பாற்றியது, மறுபடி இறைச்சி. அப்புறம் அனேகமாகத் தினமும் ஒரு குழந்தை விழ ஆரம்பித்தது. யாரோ கயவன் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறான் என்று காவல் போட்டுப் பார்த்தால், கரையோரம் விளையாடுகிற குழந்தையைத் தள்ளிவிட்டதே நம் வீரர்தான். தள்ளிவிட்டு, குதித்து, தூக்கிவந்து, வாலாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

அந்தக் காலத்துச் செய்தி, அதில் எவ்வளவு மசாலா சேர்ந்ததோ. ஆனாலும் இப்படி நடக்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். அந்த நாய் சதித்திட்டம் எதுவும் தீட்டியிருக்க வேண்டியதில்லை.

மெதுவாகப் பார்ப்போம். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்களுக்குப் பக்கத்தில் மெல்லிய மின்முனையை இறக்கி அவை எப்போது துடிக்கின்றன என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தால் செல்கள் படபடவென்று துடிக்கும். பிறகு ஒவ்வொரு தடவையும் சாறு வருவதற்குச் சற்று முன் ஒரு விளக்கை எரியவிட்டார். கொஞ்ச நாளில் அந்தத் துடிப்பு சாறு வரும் நேரத்தை விட்டு முன்னால் நகர்ந்து, விளக்கு எரியும் நேரத்துக்குப் போய்விட்டது. சாறு வரும்போது செல்கள் ஆடாமல் அசையாமல் இருந்தன. அதுதான் வரும் என்று தெரியுமே. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்தக் கணத்தில் மிகச் சரியாகத் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது. ஏமாற்றத்துக்கு ஒரு படம் வரையச் சொன்னால் நான் அந்த வரைபடத்தைத்தான் காட்டுவேன். அந்தச் செல்கள் சொல்வது சாறு கிடைத்ததை அல்ல, நினைத்ததைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ கிடைத்தது என்பதை.

இந்த நகர்வுதான் எல்லாம். இனிப்பு எப்போதும் கடைசியில் இருக்கிறது, ஆனால் அதன் ருசி பின்னோக்கி ஊர்ந்து வந்து ஒவ்வொரு முந்திய படியிலும் ஒட்டிக்கொள்கிறது. இதை அந்தப் பாரிஸ் நாயின்மேல் வைத்துப் பாருங்கள். முதலில் இறைச்சி மட்டும்தான் இறைச்சி. சில நாளில் கரையில் சொட்டச்சொட்ட நிற்கும் குழந்தையே பாதி இறைச்சி. அப்புறம் தண்ணீரில் தத்தளிக்கும் குழந்தையைப் பார்த்தாலே நாக்கு ஊறும். அடுத்த படி, கரை விளிம்பில் நிற்கும் குழந்தை. அங்கே என்றோ ஒரு நாள் 60 கிலோ உடம்பு ஆசையாகப் போய் உரசியதில் பிள்ளை தவறி விழுந்திருக்கும். அந்த ஒரு உரசலுக்கு இறைச்சி கிடைத்துவிட்டது. மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். பாரிஸ் நாயின் மூளையில் யாரும் மின்முனை இறக்கவில்லை, இது என் ஊகம்தான். ஆனால் பாலூட்டிகளின் மூளை இந்த வேலையை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கிறது.

நல்ல பயிற்சியாளர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்து நாய்ச் சங்கம் நடத்தும் நீர்த் தேர்வில் மேல்நிலைப் பயிற்சி ஒன்று உண்டு: தண்ணீரில் மூன்று பேர் இருப்பார்கள், ஒருவர் மட்டும் காப்பாற்று என்று கத்தித் தண்ணீரை அடிப்பார், நாய் மிதவை வளையத்தைக் கவ்விக்கொண்டு சரியாக அவரிடமே போக வேண்டும். பார்க்க மயிர்க்கூச்செறியும். இப்படி நீளமான வேலையைச் சொல்லித்தரப் பல பயிற்சியாளர்கள் கடைசியிலிருந்து தொடங்குவார்கள். முதலில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் வளையத்தைக் கொடுப்பது, கொடுத்ததும் தீனி. அது ருசித்த பிறகு அதற்கு முந்திய படி, பிறகு அதற்கும் முந்தியது. எப்போதும் நாய் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்கு நீந்துகிறது. நம் பிள்ளைகளுக்கு மனப்பாடச் செய்யுளை முதல் வரியிலிருந்தே திணித்து, கடைசி வரிக்கு வரும்போது அழவிடுகிறோம்.

வளர்ப்பவர்களின் கதைகளில் நிஜமான சிக்கல் இங்கேதான். லாயிட் மார்கன் என்ற 19-ஆம் நூற்றாண்டு உளவியலாளரின் நாய் டோனி, வாசல் கம்பிக் கதவின் தாழ்ப்பாளைத் தலையால் நெம்பித் திறந்துகொண்டு தெருவுக்குப் போகும். வந்து பார்க்கிற விருந்தாளி, ஆகா, நெம்புகோல் தத்துவம் நாய்க்குப் புரிந்துவிட்டது என்பார். மார்கன் முதல் நாளிலிருந்து பார்த்தவர். கம்பிகளுக்கு இடையே தலையை விட்டு விட்டு வேடிக்கை பார்த்ததில் ஒரு தடவை தற்செயலாகத் தாழ்ப்பாள் தூக்கிக்கொண்டது. பழகிக் கச்சிதமாக வருவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. நாம் எல்லோருமே நம் நாயின் விஷயத்தில் அந்த விருந்தாளிதான். கூடவே இருந்தும் தொடக்கத்தைக் கவனித்திருக்க மாட்டோம், அல்லது மறந்திருப்போம். எங்கள் வீட்டு நாய் சனிக்கிழமை என்றால் அதற்குத் தெரியும் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் வேறு செருப்பு போடுவதைத்தான் அது பார்த்திருக்கிறது.

அதற்காக வளர்ப்பவர்கள் சொல்வதெல்லாம் கப்சா என்று தள்ளிவிடவும் முடியாது. 2020-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். வளர்ப்பவரைப் பெரிய பெட்டிக்குள் உட்கார வைத்து, நாய் தள்ளினால் நகரும் லேசான கதவை வைத்து, உள்ளேயிருந்து உதவி கேட்டு அலறச் சொன்னார்கள். 60 நாய்களில் 20 திறந்தன. என்னடா இது, மூன்றில் ஒரு பங்குதானா, நன்றி கெட்ட ஜென்மங்களா என்று தோன்றும். ஆனால் அதே பெட்டியில் தீனியைப் போட்டபோது திறந்தவையும் 19-தான். பல நாய்களுக்குக் கதவைத் திறக்கவே தெரியவில்லை. தீனிக்காகத் திறந்த அந்த 19-இல் 16, அலறிய மனிதருக்காகவும் திறந்தன. உள்ளே இருப்பவர் அமைதியாக எதையாவது வாசித்தபோதும் திறந்தன, எண்ணிக்கை கொஞ்சம்தான் குறைந்தது. மனசு இருக்கிறது, வழிதான் தெரிவதில்லை. தண்ணீரைப் பொறுத்தவரை நியூஃபவுண்ட்லாந்துக்கு வழி உடம்பிலேயே இருக்கிறது.

பெரிய நாய் என்பதிலும் ஒரு சங்கதி உண்டு. 2019-இல் 74 இனங்களைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்ட நாய்களின் தகவலை வைத்து ஆராய்ந்தார்கள். இரண்டு கிண்ணங்களில் ஒன்றுக்கு அடியில் தீனியை நாய் பார்க்க ஒளித்துவைத்து, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று காக்கவைத்து, எது என்று நினைவிருக்கிறதா பார்ப்பது. தரையில் தீனியை வைத்து எடுக்காதே என்று சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறது என்று பார்ப்பது. இந்த மாதிரி விளையாட்டுகள். பெரிய மூளை கொண்ட இனங்கள் இந்த இரண்டிலும், அதாவது குறுகிய கால நினைவிலும் பொறுமையிலும், சராசரியாக முந்தின. விரல் காட்டிய திசையைப் புரிந்துகொள்வது போன்றவற்றில் வித்தியாசமில்லை. சோதனை செய்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? நாய்களை வளர்ப்பவர்களேதான், அவரவர் வீட்டுக் கூடத்தில். 7,000 நாய்களை ஆய்வகத்துக்கு அழைத்துவர எந்த நிதிக்குழுவும் பணம் தராது. நாய் என்ன நினைக்கிறது என்று தெரிந்து என்ன லாபம் என்பார்கள். லாபம் எது என்று முன்கூட்டியே தெரிந்த ஆராய்ச்சிக்கு மட்டும் பணம் தருகிறவர்களிடம் பேசிப் பயனில்லை, விடுங்கள்.

ஆனால் இனத்தை மட்டும் வைத்து ஒரு நாயின் குணத்தைச் சொல்வது ராசிபலன் பார்ப்பது மாதிரிதான். 2022-இல் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்கள் நிரப்பிய படிவங்களையும், 2,000-க்கும் அதிகமான நாய்களின் மரபணுவையும் ஒப்பிட்டதில், தனித்தனி நாய்களின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 சதவீதம்தான். மிச்சமெல்லாம் அந்தந்த நாய், அதை வளர்த்த விதம், அதற்கு வாய்த்த மனிதர்.

ஆகவே உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார். அடுத்த தடவை அவர்களோடு ஏரிக்குப் போனால் நீங்கள் தண்ணீரில் இறங்குங்கள். நாய் உங்களை இழுத்துக் கரையேற்றும்போது நாயைப் பார்க்காதீர்கள். நண்பரின் கையைப் பாருங்கள், அது நாயின் தலைக்குப் போகிறதா, பிஸ்கட் இருக்கும் பைக்குப் போகிறதா என்று.