கயோட்டியைப் பிடித்துக் கொண்டுபோய் விடலாமா? கலிஃபோர்னியா சட்டம் சொல்வது

ஃப்ரீமாண்ட், இர்வைன் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கயோட்டி புதிதல்ல. நாய்க் குடும்பத்துக் காட்டு விலங்கு; நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. ஒல்லியான கால்கள், நிமிர்ந்த காதுகள், நுனி கறுத்த வால். வேலி தாண்டி அது கொல்லைக்குள் வந்துவிட்டால், கூண்டு வைத்துப் பிடித்து எங்காவது காட்டில் விட்டுவிடலாம் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஊரில் குரங்கை அப்படிப் பிடித்து விட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

கலிஃபோர்னியாவில் அதற்கு அனுமதி இல்லை. கூண்டில் சிக்கிய கயோட்டியைச் சிக்கிய இடத்திலேயே விட வேண்டும், அல்லது உடனே கொன்றுவிட வேண்டும் என்கிறது மாநில விதி. கேட்கக் கடுமையாக இருந்தாலும் இதில் நியாயம் இருக்கிறது. கொண்டுபோய் விடும் இடத்தில் ஏற்கெனவே ஒரு கயோட்டிக் குடும்பம் எல்லை பிடித்து வாழும். புதிதாக வந்தது அங்கே கடிபட்டுச் சாகும், அல்லது சாலையைக் கடக்கும்போது அடிபடும். நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும். இங்கே காலியான இடத்துக்கோ வேறொன்று வந்து சேரும்.

தீனி வைப்பதும் குற்றம். லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரம் இதற்கென்றே தனி விதி வைத்திருக்கிறது. இரக்கப்பட்டு இறைச்சித் துண்டு போடுவதைத்தான் எல்லோரும் தீனி என்று நினைக்கிறார்கள். ஆனால் கயோட்டியை வீட்டோடு பழக்குவது பெரும்பாலும் நாம் கவனிக்காமல் விடுபவைதான்: பூனைக்கு வைத்த மிச்சச் சாப்பாடு, மூடாத குப்பைத்தொட்டி, பறவைகளுக்குத் தொங்கவிட்ட தானியம், அதைப் பொறுக்க வரும் எலிகள். அத்திமரம் இருக்கிற வீடுகளின் பக்கத்து நடைபாதையில் கயோட்டியின் எச்சத்தைப் பார்த்தால், அதில் அத்தி விதைகள் அப்படியே தெரியும். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். பூனையையும் சிறிய நாயையும் இரவில் உள்ளே வையுங்கள். வேலி ஆறடியாவது இருக்க வேண்டும். அடியில் தோண்டி நுழையாதபடி கம்பிவலையை மண்ணுக்குள்ளும் இறக்க வேண்டும்.

எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கைகளை உயர்த்தி, அது விலகும்வரை சத்தம் போடுங்கள். தோட்டக் குழாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியடிப்பதும் பலன் தரும். வசந்த காலத்தில் ஒன்று சற்றுத் தள்ளி உங்களையே தொடர்ந்து வந்தால், அருகில் குட்டிகள் இருக்கக்கூடும். முதுகைக் காட்டாமல் பின்வாங்கி வேறு வழியில் போங்கள். மனிதரைத் தாக்குவது அரிது. ஆனாலும் 1981இல் கிளெண்டேலில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று கயோட்டி தாக்கி இறந்திருக்கிறது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

சுடலாமா? மாநிலச் சட்டப்படி வேட்டை உரிமம் உள்ளவர் ஆண்டு முழுவதும் கயோட்டியை வேட்டையாடலாம். பயிருக்கோ சொத்துக்கோ சேதம் செய்தால் நிலத்தின் உரிமையாளரும் குத்தகைதாரரும் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள், அந்த வீட்டார் அனுமதி இல்லாமல், வேட்டைக்காகத் துப்பாக்கி சுடக் கூடாது. பெரும்பாலான நகரங்களில் சுடுவதே தடை என்பதால் குடியிருப்புவாசிகளுக்கு இந்த வழி அநேகமாக இல்லை. எஃகுப் பற்பொறியையும், ‘1080’ எனப்படும் நஞ்சையும் சோடியம் சயனைடையும் 1998இல் மக்கள் வாக்கெடுப்பில் தடைசெய்துவிட்டார்கள்.

ஆட்டுப்பண்ணைக்காரர்களின் கவலை வேறு. காலையில் கிடைக்குப் போனால் தொண்டையில் பல் பதிந்து கிடக்கும் ஆட்டுக்குட்டி. இதற்கு இழப்பீடு உண்டா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே பதில். கூட்டாட்சி அரசின் கால்நடை இழப்பீட்டுத் திட்டம், விலங்குத் தாக்குதலைப் பொறுத்தவரை, அரசே மீண்டும் காட்டில் கொண்டுவந்து விட்ட விலங்குகளும் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாக்கும் விலங்குகளும் கொன்றால்தான் பணம் தரும். ஓநாய் அதில் வரும், கயோட்டி வராது. சிறு பண்ணை நடத்துபவருக்கு ஆட்டைக் கொன்றது எதுவானாலும் நட்டம் ஒன்றுதான் என்பதால், இந்தப் பாகுபாடு எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே பணத்தைத் தடுப்பில் போடுவதே வழி. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) இதற்கு நல்ல உதாரணம். கயோட்டிகளைக் கொல்வதற்காகக் கூட்டாட்சி வனவிலங்குச் சேவையோடு வைத்திருந்த ஒப்பந்தத்தை 2000இல் கைவிட்டு, காவல் நாய்கள், லாமாக்கள் (மந்தையைக் காக்கும் ஒட்டக இன விலங்குகள்), மின்வேலி ஆகியவற்றுக்குப் பண்ணையாளர்களோடு செலவைப் பகிர்ந்துகொண்டது. கிரேட் பிரனீஸ் இன நாயைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்த்தால், மந்தையைத் தன் குடும்பமாக எண்ணிக் காக்கும். குட்டி ஈனும் பருவத்தில் ஆடுகளை இரவில் கொட்டகையில் அடைப்பதும், செத்த ஆட்டை உடனே அப்புறப்படுத்துவதும் எந்தக் கவுண்டியிலும் செய்யக்கூடியவை. உங்கள் கவுண்டியில் என்ன உதவி கிடைக்கும் என்று வேளாண் ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கயோட்டி ஆளைத் துரத்தினாலோ பகலிலேயே பயமில்லாமல் நெருங்கினாலோ, மாநில மீன், வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் புகார் பதியலாம். உள்ளூர் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் சொல்லுங்கள். தாக்குதல் நடந்தால் 911 என்ற அவசர எண்ணை அழையுங்கள். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்காக அன்றே மருத்துவரைப் பாருங்கள். கிழிந்த உடையைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். கடித்தது எந்த விலங்கு என்று மரபணுச் சோதனையில் உறுதிசெய்யத் துறையினருக்கு அது தேவைப்படும்.