ஜூரி சேவைக்குப் போகும் சுயதொழில்காரர்களே, 64.95 பவுண்டு உங்கள் நாட்கூலி அல்ல

கோர்ட்டில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் ஒருவராக, அதாவது ஜூரியாகப் போய்வந்த சுயதொழில்காரர்கள் ஒரே மனக்கணக்கோடு எங்கள் கணக்காளர் அலுவலகத்துக்கு வருவது புதிதல்ல என்றாலும், அண்மையில் வந்த ஒருவரோடு என் பொறுமை தீர்ந்துவிட்டது. டைல்ஸ் பதிக்கும் வேலையைத் தனியாளாகச் செய்பவர் அவர். கிரவுன் கோர்ட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்து, கோடு போட்ட தாள் ஒன்றை என் மேசையில் வைத்தார். அதில், வாடிக்கையாளரிடம் நாளுக்கு வாங்கும் தொகையைப் பத்து நாளால் பெருக்கி, ‘220 × 10 = 2,200’ என்று எழுதி, விடைக்கு அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தார். கைவிட்டுப்போன குளியலறை வேலை ஒன்றைப் பற்றி வாடிக்கையாளர் அனுப்பிய வாட்ஸப் செய்தியையும் அச்செடுத்து இணைத்திருந்தார். இதை அப்படியே கோர்ட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். பத்து நாளுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தொகையே 649.50 பவுண்டுதான், அவர் கடைசியாகத் தாக்கல் செய்த வரிக்கணக்கைப் பார்த்தால் அதுவும் முழுதாகக் கிடைக்காது.

நான் எழுதுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு. பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாததால் தமக்குச் சம்மன் வராது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஜூரிகள் வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்படுகிறார்கள், காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். 13 வயதுக்குப் பிறகு தொடர்ச்சியாக 5 ஆண்டுகள் இந்த நாட்டில் வாழ்ந்து, 18க்கும் 75க்கும் இடைப்பட்ட வயதில் இருந்தால் உங்கள் பெயரும் வரலாம். வந்த கடிதத்தைப் பிரிக்காமல் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைப்பதால் பயன் எதுவும் இல்லை. பதில் அனுப்பாவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம்.

இனி, என்னை மிகவும் சலிப்படைய வைக்கும் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். ஜூரி சேவைக்குச் சம்பளம் கிடையாது. 1974ஆம் ஆண்டின் ஜூரிகள் சட்டம் தருவது, கோர்ட்டுக்கு வந்ததால் உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட பண இழப்புக்கான ஈடு மட்டுமே. அதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. முதல் 10 நாட்களில், ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் கோர்ட்டில் இருந்தால் அந்த வரம்பு 64.95 பவுண்டு, 4 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் 32.47 பவுண்டு. போனவர் எல்லாருக்கும் 64.95 கொடுக்கிறார்கள் என்று கடையில், கோவிலில், கலியாண வீட்டுப் பந்தியில் பேசிக்கொள்வது பிழை. ஒரு நாளில் நீங்கள் இழந்தது 40 பவுண்டு என்றால் கிடைப்பது 40தான். இழந்தது 200 என்றாலும் கிடைப்பது 64.95தான். இழப்பே இல்லாதவருக்கு, உதாரணமாக ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு, இந்தத் தலைப்பின் கீழ் ஒரு பென்ஸும் கிடையாது. பதினோராம் நாளிலிருந்து வரம்பு 129.91 பவுண்டாக உயர்கிறது என்று கேள்விப்பட்டு, வழக்கு நீண்டால் நல்லது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. உயர்வது வரம்பு, உங்கள் இழப்பு அன்றைக்கும் அதே 40 பவுண்டாகத்தான் இருக்கும்.

அந்த இழப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் அடுத்த குழப்பம். வாடிக்கையாளரிடம் நீங்கள் வாங்கும் 220 பவுண்டு உங்கள் வரவு. பசை, வேன் டீசல், காப்புறுதி, உதவியாள் கூலி எல்லாம் போக மிஞ்சும் இலாபமே உங்கள் வருமானம். கோர்ட் ஆதாரம் கேட்கும்போது நீங்கள் காட்டக்கூடிய வலுவான தாள், வரித்துறையான எச்எம்ஆர்சிக்கு நீங்களே அனுப்பிய கடைசி வரிக்கணக்குத்தான் (செல்ஃப் அசெஸ்மென்ட்). நம்முடைய டைல்ஸ்காரர் ஆண்டு இலாபம் என்று அதில் காட்டியிருந்தது 13,000 பவுண்டு. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 260 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 50 வருகிறது. எச்எம்ஆர்சியிடம் 50 என்றும் கோர்ட்டிடம் 220 என்றும் சொல்லிவிட்டு, இரண்டுமே அரசாங்கத்தின் கைகள் என்பதை மறந்துவிடக் கூடாது. (வரியில்லா எல்லையான 12,570ஐ ஒட்டியே வருடந்தோறும் இலாபம் வந்து நிற்கும் கணக்குகளைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப்போவதில்லை, ஆனால் அப்படிப்பட்ட கணக்கு வைத்திருப்பவர் ஜூரி இழப்பீட்டில் மட்டும் கோடீஸ்வரராக முடியாது.)

சொந்தமாக லிமிடெட் கம்பெனி வைத்திருப்பவர்கள் தம்மையும் சுயதொழில்காரர் என்றே எண்ணுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் நீங்கள் உங்கள் கம்பெனியின் இயக்குநர், சம்பளம் வாங்கும் ஊழியர். இரண்டு வாரம் கடை மந்தமானால் இழந்தது கம்பெனி. ஈடு கேட்பதோ நீங்கள். ஜூரி சேவைக் காலத்திலும் கம்பெனி உங்கள் சம்பளத்தை வழக்கம்போல் கொடுத்தால், உங்களுக்குச் சம்பள இழப்பு என்று ஒன்று இல்லை. ஊழியர்களுக்கான வருமான இழப்புச் சான்றிதழை உங்கள் கம்பெனியின் பெயரில் நிரப்பிக் கையெழுத்திடப் போவதும் நீங்கள்தான் என்பதால், பேனாவை எடுக்குமுன் பேரோல் என்னும் சம்பளப் பதிவு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். சம்பளம் கொடுத்ததாகப் பேரோலிலும் கொடுக்கவில்லை என்று சான்றிதழிலும் எழுதிவிட்டு என்னிடம் ஓடி வராதீர்கள்.

கடை வைத்திருப்பவர்கள் தங்களுக்குப் பதிலாக ஆள் நிறுத்தினால் அந்தக் கூலியும் கணக்கில் வரும். கோர்ட்டுக்கு வந்ததால் மட்டுமே ஏற்பட்ட கூடுதல் செலவையும் சட்டம் பண இழப்பாகவே பார்க்கிறது. வங்கி வழியாகப் பணம் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். மைத்துனருக்குக் கையில் கொடுத்தேன் என்பது ஆதாரமாகாது. பிள்ளை பராமரிப்புச் செலவையும் கேட்கலாம். ஆனால், பலர் கவனிக்காமல் விடும் விஷயம், வருமான இழப்பு, மாற்றாள் கூலி, பராமரிப்புச் செலவு மூன்றும் சேர்ந்தே அந்த ஒரே 64.95க்குள் அடங்க வேண்டும். தலைப்புக்கு ஒரு வரம்பு என்று கணக்குப் போட்ட ஒரு தாயார், பிள்ளை பராமரிப்பாளருக்குக் கொடுத்த பணம் முழுவதும் திரும்பி வரும் என்று நம்பியிருந்தார். அவருக்கு உண்மையைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

பயணமும் சாப்பாடும் தனி. பஸ், ரயில் என்றால் சாதாரண வகுப்புக் கட்டணம். காரில் போனால் மைலுக்கு 31.4 பென்ஸ். டாக்சிக்கும் பார்க்கிங்குக்கும் முதலே கோர்ட்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு 10 மணி நேரம் வரையிலான நாளில் 5.71 பவுண்டு. லண்டனில் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

இந்தத் தொகைகள் நியாயமானவையா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து. நாளுக்கு 180 பவுண்டு உண்மையிலேயே இலாபமாகச் சம்பாதித்து, அதற்கு ஒழுங்காக வரியும் கட்டும் ஒரு மின்பணியாளர் ஒவ்வொரு நாளும் 115 பவுண்டைக் கைவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்காருகிறார். விலைவாசி ஏறிக்கொண்டே போக, இந்த வரம்பு பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. அதைப் பற்றி உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். கோர்ட்டில் ஜூரிகளைக் கவனிக்கும் அலுவலரிடம் சத்தம் போடாதீர்கள். தொகையைத் தீர்மானித்தவர் அவரல்ல.

செய்ய வேண்டியதெல்லாம் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பு இருக்கிறது. சம்மன் வந்தால் 7 நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். சேவையைத் தள்ளிவைக்கக் கேட்பதற்கும் அதுவே நேரம். சுயதொழில் என்ற ஒரே காரணத்துக்காக விலக்குக் கிடைத்துவிடாது. ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் கெடு அந்த இரண்டு வாரத்துக்குள் விழுகிறது, தைப்பொங்கல், தீபாவளிக் காலத்தில்தான் கடைக்கு ஆண்டின் பெரும் பகுதி வியாபாரம் என்பது போன்ற காரணங்களைத் தாள்களோடு விளக்கி, அடுத்த 12 மாதங்களுக்குள் எப்போது வர முடியும் என்றும் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். தள்ளிவைப்பது ஒரு தடவைதான், ஆகவே தேதியை யோசித்துச் சொல்லுங்கள். அதோடு, உங்கள் வியாபாரக் காப்புறுதிப் பத்திரத்தைத் தயவுசெய்து எடுத்துப் படியுங்கள். சட்டச் செலவுக் காப்புறுதி அதில் சேர்ந்திருந்தால், கோர்ட் தருவது போக மீதமுள்ள ஜூரி சேவை இழப்பை ஈடுசெய்யும் பிரிவு பெரும்பாலும் அதிலேயே இருக்கும். வருடந்தோறும் பிரீமியம் கட்டிவிட்டு, அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாமல் பணத்தை விட்டவர்கள் என் கோப்புகளில் இருக்கிறார்கள்.

நீண்ட வழக்கு என்றால், ஜூரியைத் தேர்ந்தெடுக்குமுன் உங்கள் சிரமங்களைக் கேட்பார்கள். அப்போது கூச்சப்படாமல் சொல்லுங்கள். சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகு புலம்புவதில் பலன் குறைவு. நாளுக்கு நாள் எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று குறித்து வையுங்கள். 4 மணி நேரக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதே அன்றைய வரம்பைத் தீர்மானிக்கிறது. வழக்கைப் பற்றிய விவரத்தை மட்டும் குறிக்கவும் வேண்டாம், என்னிடம் சொல்லவும் வேண்டாம். ஜூரி அறையில் நடந்த பேச்சை வெளியே சொல்வது குற்றம். கணக்காளர் அதற்கு விலக்கானவர் அல்ல.

சேவை முடிந்த வாரத்திலேயே படிவத்தை அனுப்பிவிடுங்கள். சேவை தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் தாண்டினால் கேட்க முடியாது. அனுப்பினால் பணம் வழக்கமாக 7 முதல் 10 வேலை நாட்களில் வங்கிக்கு வரும். வழக்கு நீண்டு கையில் பணம் இறுகினால் இடையிலேயே கொடுக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். வந்த பணத்தில் வருமான இழப்புக்கான பகுதி உங்கள் இலாபத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்ப வந்தது என்பதால் அதை வியாபார வரவாகவே கணக்கில் எழுதச் சொல்கிறேன்; பயணக் கட்டணத்தையும் சாப்பாட்டுப் பணத்தையும் அதோடு கலக்காமல், கோர்ட் அனுப்பும் விவரத்தாளையும் சேர்த்து ஜனவரிக்கு முன்பே என்னிடம் கொண்டு வாருங்கள்.