பம்ப் ஃபாயில்: எக்குச்சிறகுப் பலகை

அலை, காற்று, மோட்டார் எதுவும் இல்லாமல், கால்பலத்தால் மட்டுமே நீருக்கு மேலே பலகையில் பறந்து செல்லும் விளையாட்டு பம்ப் ஃபாயில். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஏரிகளில் இதை நிறையவே பார்க்கலாம். பலகைக்கு அடியில் ஒரு தண்டு, தண்டின் முனையில் முன்னும் பின்னுமாக இரண்டு சிறகுகள். ஓடும்போது சிறகுகள் மட்டும் நீருக்குள் இருக்கும். பலகை நீரைத் தொட்டால் வேகம் செத்துவிடும். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பார்ப்போம்.

'ஃபாயில்' என்பதன் மூலம் இலையைக் குறிக்கும் 'ஃபோலியம்' என்ற லத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து மெல்லிய தகட்டைக் குறித்தது; பிறகு விமான இறக்கையின் வடிவத்துக்கும் பெயரானது. அதோடு நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் சேர்ந்து, நீருக்குள் இயங்கும் சிறகுக்கு ஹைட்ரோஃபாயில் என்ற பெயர் பிறந்தது. 1906இல் என்ரிக்கோ ஃபோர்லானினி இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் இத்தகைய சிறகு பொருத்திய படகை ஓட்டிக் காட்டினார். 1919இல் கிரகாம் பெல்லும் கேசி பால்ட்வினும் உருவாக்கிய எச்.டி.-4 என்ற சிறகுப் படகு கனடாவில் மணிக்கு 114 கி.மீ. வேகம் தொட்டது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் சிறிய சிறகே ஓர் ஆளைத் தூக்கிவிடுகிறது. தூக்குவது அதன் வளைந்த வடிவம் என்பதால், தமிழில் 'தகடு' பொருந்தாது, 'சிறகு' என்பதே சரி.

'பம்ப்' என்றதும் நமக்குக் கிணற்று மோட்டார்தான் நினைவுக்கு வரும். இங்கே அது உடலசைவின் பெயர். பலகையை அமுக்கினால் சிறகு சரிந்திறங்கி முன்னோக்கி வேகம் பிடிக்கும். உடனே உடலை மேலே எக்கி எடையைக் குறைத்தால், அந்த வேகத்திலேயே சிறகு ஏறும். அமுக்கல், எக்கல், மறுபடி அமுக்கல். 1990களில் ஸ்வீடனில் உருவான இதே வகைக் கருவிக்கு 'டிராம்போஃபாயில்' என்று பெயர். 'டிராம்பா' என்றால் அங்கே மிதித்தல். நாமும் 'மிதி' என்று வைத்தால் மிதிவண்டியின் பெடல் மனதில் வந்து குழப்பும். எனக்குப் பிடித்தது 'எக்கு'. கிளையை எட்ட நுனிக்காலில் எக்குகிறோமே, அதே அசைவு. பம்புக்குக் கலைச்சொல்லாக 'எக்கி' ஏற்கெனவே இருப்பதும் வசதி. ஆகவே எக்குச்சிறகுப் பலகை.

கற்பவர்களைத் திணறடிப்பது 'டாக் ஸ்டார்ட்'. 'டாக்' இங்கே கப்பல் கட்டும் தளமன்று. கன்னியாகுமரியில் படகுத்துறை என்றும் ஈழத்தில் இறங்குதுறை என்றும் சொல்லும் இடத்தின் சிறிய வடிவம். பலகையைக் கையில் பிடித்து, துறையின் விளிம்பை ஒட்டி சில எட்டு ஓடி, சிறகை நீருக்குள் விட்டு முன்னே தள்ளி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற வேண்டும். 'துறைத் தொடக்கம்' என்ற நேர்ப்பெயர்ப்பில் உயிரே இல்லை. 'துறைக் குதிப்பு' தவறாகவே வழிகாட்டும்: குதித்தால் எடை செங்குத்தாக விழுந்து பலகை மூழ்கும். தாவுவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. ஓட்டத்தின் வேகம் அறுபடாமல் பலகைக்கு மாறுகிறது. ஆகவே துறைத்தாவல். எடை சற்றே முன்காலில் இருக்கட்டும்; பின்னால் சாய்ந்தால் பலகையின் மூக்கு தூக்கி, சிறகு நீரைவிட்டு வெளியே வந்துவிடும். கால் பதிந்த நொடியிலேயே முதல் எக்கல் தொடங்க வேண்டும். துறை நீர்மட்டத்துக்கு அருகில் தாழ்வாகவும், அடியில் தண்டின் நீளத்தைவிட நல்ல ஆழமாகவும் இருப்பது முக்கியம்; ஆழம் பார்க்காமல் தாவினால் சிறகு தரையில் இடித்து ஆள் முன்னே வீசப்படுவார்.