கண்முன்னே இருக்கும் கோப்பு ‘இல்லை’ என்கிறதே!

“லினக்ஸில் ஒரு பழைய மென்பொருளைத் திறந்தால், ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1’ என்ற கோப்பு இல்லை என்று நின்றுவிடுகிறது. அந்தக் கோப்பைத் தரும் குறியாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்தான் கணினியில் இருக்கிறதே?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பல நிரல்களுக்கும் பொதுவான வேலைகளை லைப்ரரியாகத் தனியே வைப்பது தெரிந்த சங்கதிதான். நிரலைத் திறந்ததும் டைனமிக் லோடர் வருகிறது. வேண்டிய லைப்ரரிகளின் பட்டியலை நிரலுக்குள்ளிருந்து படித்து, தேடிப்பிடித்து நினைவகத்தில் ஏற்றுகிறது.

எனக்குப் பிடித்தது அந்தப் பட்டியல்தான். வழக்கமாக அதில் கோப்புறை விவரம் இருக்காது, வெறும் பெயர்கள். அதுவும் யாரோ கோப்புக்கு வைத்த பெயர் அல்ல, லைப்ரரியை உருவாக்கியவர் அதற்குள்ளேயே பொறித்த பெயர். சோநேம் என்பார்கள். நிரலைக் கம்பைல் செய்யும்போது நிரலையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்கர் அதைப் பார்த்து நிரலில் எழுதிவிடுகிறது. பெயரின் வாலில் உள்ள எண் அலங்காரத்துக்கு இல்லை. பிழைதிருத்தம் மட்டும் என்றால் எண் மாறாது; பழைய நிரல்கள் புதுக் கோப்போடு அப்படியே ஓடும். அவை நம்பியிருந்த ஃபங்ஷனை நீக்கினாலோ மாற்றினாலோ எண்ணும் மாற வேண்டும். பழையதும் புதியதும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் குடியிருப்பது இதனால்தான். 2021இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வந்தபோது 1.1 என்ற வால் 3 ஆனது. வாசகரிடம் இருப்பது 3, நிரல் கேட்பது 1.1. லோடர் சொன்னது உண்மைதான்.

3க்கு 1.1 என்று பெயர்சூட்டி ஒரு சிம்லிங்க், அதாவது அந்தக் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி, போடச் சொல்வார்கள். தாயத்து கட்டுகிற மாதிரிதான் அது. பெயரை நம்பி லோடர் கோப்பைத் திறக்கும். அப்புறம் உள்ளே 1.1 காலத்து வெர்ஷன் முத்திரை இல்லை என்று மறுபடி நிற்கும். முத்திரை வைக்காத லைப்ரரி என்றால் இன்னும் மோசம்: நிரல் திறந்துவிடும், பிறகு எங்கோ நடுவில் விழும்.

சரி, என்ன செய்வது? எல்டிடி கட்டளை எந்த லைப்ரரி கிடைக்கவில்லை என்று காட்டும். நம்பகமில்லாத நிரலில் மட்டும் அதை ஓட்டாதீர்கள், சில வேளை நிரலே ஓடிவிடக்கூடும். லைப்ரரி நிஜமாகவே இல்லையென்றால் அதே எண்ணுள்ள பொதியையோ, நிரலின் புதிய பதிப்பையோ நிறுவுங்கள். நீங்களே கம்பைல் செய்து வேறு கோப்புறையில் வைத்த லைப்ரரி என்றால் கதை வேறு. லோடர் வட்டு முழுக்கத் தேடாது. முன்பே தயாரித்த ஒரு கேஷை, அதாவது லைப்ரரிகளின் இடப்பட்டியலைத்தான் பெரும்பாலும் நம்பும். அந்தக் கோப்புறையை லோடரின் அமைப்புக் கோப்பில் சேர்த்து, ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டினால் கேஷ் புதுப்பிக்கப்படும்.

அப்படியும் பிடிபடாவிட்டால், எல்டி_டீபக் என்ற சூழல் மாறிக்கு ‘லிப்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்து நிரலைத் திறந்து பாருங்கள். லோடர் எந்தெந்தக் கதவைத் தட்டியது என்று வரிசையாக ஒப்பிக்கும்.