தீ தூரத்தில் இருக்கும்போதே வீடு எப்படிப் பற்றுகிறது?

பக்கத்து மலையில் காட்டுத்தீ என்று தெரிந்ததும் ஒரு குடும்பம் முதலில் செய்வது வாசலில் நின்று தூரத்தைக் கணக்குப் போடுவதுதான். ‘இன்னும் பத்துக் கிலோமீட்டர் இருக்கே, ராத்திரிக்குள்ள வராது’ என்பார் ஒருவர். அடுத்த வீட்டுக்காரர்கள் கிளம்பிவிட்டார்களா என்று இன்னொருவர் எட்டிப் பார்ப்பார். அவர்கள் மனதில் தீ என்பது தரையோடு ஊர்ந்து, ஒவ்வொரு மரமாகப் பற்றவைத்துக்கொண்டு வரும் ஒரு கோடு. கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எத்தனை மணி நேரம் மிச்சம் என்றும் சொல்லிவிடலாம் என்று தோன்றும்.

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊரிலும் பலர் இப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். காலை ஆறரை மணி வாக்கில் ஊரிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு பள்ளத்தாக்கில் தீ பிடித்தது. எட்டு மணிக்கெல்லாம் ஊருக்குள்ளேயே பல இடங்களில் எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அந்த ஊரில் நடந்ததைப் புரிந்துகொள்ள, மரம் எப்படி எரிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மரக்கட்டை நேரடியாக எரிவதில்லை. சூடு ஏற ஏற முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகும். பிறகு 200, 300 டிகிரி செல்சியஸ் என்று வெப்பம் உயரும்போது மரத்தின் பொருளே சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களாக வெளியேறும். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு காற்றோடு கலந்து எரிவதுதான். ஈரம்தான் இதற்கு முதல் தடை. 25 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தைப்போல் சுமார் ஏழு மடங்கு, அதை முழுவதும் ஆவியாக்கத் தேவை. பச்சைக் காட்டில் தீ திணறுவது இதனால்தான். ஆனால் காய்ந்த புல்லும் சருகும் சுள்ளியும் வேறு வகை. சுற்றியுள்ள காற்று வறண்டால் ஒரு மணி நேரத்துக்குள் இவையும் வறண்டுவிடும். பெரிய அடிமரம் காய வாரக்கணக்கில் ஆகும். ஆகவே நேற்று மந்தமாகப் புகைந்த இடம் இன்று மதியம் வறண்ட காற்று அடித்ததும் சீறிக்கொண்டு கிளம்பலாம். காலையில் பார்த்த வேகத்தை வைத்து மாலையைக் கணிக்க முடியாது.

சரிவும் சேர்ந்துகொள்ளும். மேல்நோக்கி எரியும்போது சுவாலை மேலேயுள்ள புல்லின் பக்கம் சாய்ந்து, அதை முன்கூட்டியே காயவைத்துவிடும். ஒவ்வொரு பத்து டிகிரிச் சரிவுக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பு வீரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மலை உச்சியில் வீடு கட்டியவர்களுக்கு இது முக்கியம்: கீழே தெரியும் தீ மெதுவாக ஏறி வராது, ஓடித்தான் வரும்.

சரி, இவ்வளவும் தரையில் நகரும் தீயைப் பற்றியது. வீடுகளைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய ஆபத்து வானத்தில் வருகிறது.

பெருந்தீயின் மேலே சூடான காற்று மிகுந்த விசையோடு எழும்பும். பட்டைத் துண்டுகள், இலைகள், கூம்புக்காய்கள், சுள்ளிகள் எல்லாம் எரிந்தபடியே அதோடு மேலே போகும். உயரத்தில் வீசும் காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போய், தீயின் முன்வரிசைக்கு வெகுதூரம் முன்னால் கொட்டும். இவைதான் கங்குகள். ஓரிரு கிலோமீட்டர் தாண்டுவது சாதாரணம். ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரங்களில் சில, நீள நீளமாகப் பட்டை உரிப்பவை. அந்தப் பட்டை சுருண்டு, உள்ளுக்குள் கனன்றபடி வெகுதூரம் பறக்கும். 173 பேர் இறந்த 2009 பிப்ரவரி விக்டோரியா தீயில் முன்வரிசைக்குப் பல பத்துக் கிலோமீட்டர் முன்னால் புதிய தீக்கள் முளைத்தன. மிகப் பெரிய தீ தனக்கென்று ஓர் இடிமேகத்தையே உருவாக்கிக்கொள்ளும்; அதிலிருந்து விழும் மின்னல் இன்னொரு இடத்தைப் பற்றவைக்கும். இதெல்லாம் நடக்கும்போது வரைபடத்தில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கே பொருள் குறைந்துவிடுகிறது.

ஜாக் கோஹன் என்ற அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1990-களின் பிற்பகுதியில் கனடாவின் வடமேற்குப் பகுதியில் வேண்டுமென்றே காட்டுத்தீ மூட்டிச் சோதனைகள் நடந்தன. அங்கே மரச்சுவர்களைக் காட்டின் ஓரத்திலிருந்து வெவ்வேறு தூரத்தில் நிறுத்தி, முழு உயரச் சுவாலை வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார். பத்து மீட்டரில் இருந்த சுவர்களில் சில பற்றின. இருபது, முப்பது மீட்டரில் இருந்தவை பற்றவில்லை. காரணம், காட்டின் சுவாலை ஓரிடத்தில் உச்சத்தில் நிற்பது ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். அதற்குள் மெல்லிய பொருளெல்லாம் எரிந்து முடிந்துவிடும். தூரம் கூடக்கூட அனலும் வேகமாகக் குறையும்; அந்த ஒரு நிமிடத்தில் சுவரைப் பற்றவைக்கும் அளவு வெப்பம் சேராது.

அப்படியானால் காட்டிலிருந்து முப்பது மீட்டருக்கு அப்பால் உள்ள வீடுகள் தப்பியிருக்க வேண்டும். ஆனால் தீ ஓய்ந்தபின் எடுத்த படங்களில் வீடு அடித்தளம்வரை எரிந்து சாம்பலாகியிருக்கும். அதன் பக்கத்து மரம் பச்சையாக நிற்கும். 2000-ல் நியூ மெக்ஸிகோவின் லாஸ் அலமோஸில் கோஹன் பார்த்தது இதைத்தான். பாரடைஸிலும் இந்தக் காட்சி தெருத்தெருவாக இருந்தது. பெரிய சுவாலை வந்து வீட்டை விழுங்கியிருந்தால் மரம் மிஞ்சியிருக்காது. அந்த வீடுகளைக் கங்குகள்தான் உள்ளிருந்தும் ஓரங்களிலிருந்தும் எரித்தன.

கங்கு எங்கே போய்ச் சேரும்? காற்றடித்த மறுநாள் வீட்டைச் சுற்றி நடந்து, தூசியும் சருகும் எங்கெங்கே ஒதுங்கிக் கிடக்கின்றன என்று பாருங்கள். கங்கும் அங்கேதான் ஒதுங்கும். மழைநீர் வடியும் கூரைப்பீலியில் சேர்ந்த இலைகள், மரப்படிக்கட்டின் அடி, சுவரும் தரையும் சேரும் மூலை, வாசலில் போட்ட கால்மிதி, சுவரோடு அடுக்கிய விறகு. விரல்நுனியளவு கங்கு தனியாக ஒரு சுவரை எரிக்காது. அது சருகைப் பற்றவைக்கும், சருகு மரவிளிம்பைப் பற்றவைக்கும், அதிலிருந்து கூரைச்சட்டத்துக்கு ஏறும். இன்னொரு வழி காற்றோட்டத் துளைகள். பரண் வெப்பம் தணிய வைத்த துளை வழியாகக் கங்கு உள்ளே நுழைந்தால், வெளியே யாருக்கும் தெரியாமல் பரணில் தீ வளரும். மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாத கண் கொண்ட உலோக வலையைத் துளைகளில் அடிக்கச் சொல்வது இதற்காக. வீட்டைச் சுற்றி முதல் ஒன்றரை மீட்டரில் எரியக்கூடிய எதுவும் வேண்டாம், வெறும் சரளைக்கல் போதும் என்பதும் இதே காரணத்தால்தான். இவையெல்லாம் செலவு குறைந்த, ஒரு விடுமுறை நாளில் முடிகிற வேலைகள். தொலைவில் உள்ள காட்டை வெட்டச் சொல்லிப் போராடுவதைவிட இந்த ஒன்றரை மீட்டருக்குப் பலன் அதிகம் என்பதே என் கருத்து.

ஒரு வீடு பற்றிவிட்டால் கதையே மாறிவிடும். காடு ஒரு நிமிடம் எரியும். வீடு மணிக்கணக்கில் எரியும், பக்கத்து வீட்டின் மேல் அனலையும் புதுக் கங்குகளையும் விடாமல் வீசும். நெருக்கமான தெருவில் காட்டுத்தீ அப்போது ஊர்த்தீயாக மாறுகிறது. அதற்குப் பிறகு காடு தேவையே இல்லை.

வெளியேறுவது பற்றி இப்போது பேசலாம். பாரடைஸில் ஊரைப் பகுதி பகுதியாகக் காலிசெய்ய முன்பே திட்டம் வைத்திருந்தார்கள். முதலில் இந்தத் தெருக்கள், பிறகு அந்தத் தெருக்கள் என்று. ஆனால் கங்குகள் பல பகுதிகளில் ஒரே நேரத்தில் விழுந்ததால், ஏறத்தாழ ஊர் முழுவதும் ஒன்றாகச் சாலைக்கு வந்தது. ஒரு சாலை ஒரு மணி நேரத்தில் இவ்வளவு வண்டிகளைத்தான் விடும் என்ற வரம்பு இருக்கிறது. புகையில் பாதை தெரியாமல் வேகம் குறைந்தால் அந்த வரம்பும் சுருங்கும். ஒரு வண்டி நின்றுவிட்டால், ஒரு மின்கம்பம் விழுந்தால், பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டே தீயில் இறந்த 66 பேரில் பெரும்பாலானோர் ஒரு சாலையிலும் அதன் அருகிலும், தப்பிக்கும் முயற்சியில் மாட்டிக்கொண்டவர்கள். 2016 மே மாதம் கனடாவின் ஃபோர்ட் மெக்மரியில் எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் முக்கியமான ஒற்றை நெடுஞ்சாலை வழியாக வெளியேறினார்கள். ஏறத்தாழ 2,400 வீடுகளும் கட்டடங்களும் அழிந்தும், தீயால் நேரடியாக யாரும் இறக்கவில்லை. வெளியேறும் வழியில் நடந்த சாலை விபத்தில் இரண்டு உயிர்கள் போயின.

ஆகவே சீக்கிரம் கிளம்புவது என்றால், உத்தரவு வருவதற்கு முன்பே, எச்சரிக்கை என்ற நிலையிலேயே கிளம்புவது. முதியவர், கைக்குழந்தை, நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டில் இதில் யோசிக்கவே இடமில்லை. எச்சரிக்கை கிடைத்ததும் மனிதர்கள் உடனே நகர்வதில்லை என்பது பேரிடர்களை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. இன்னொருவரிடம் கேட்பார்கள், தொலைக்காட்சியைப் பார்ப்பார்கள், வெளியே போய்த் தாங்களே பார்ப்பார்கள். இது முட்டாள்தனம் அல்ல, இயல்பான உறுதிப்படுத்தல்தான். ஆனால் அதில் கரையும் நிமிடங்கள் சாலையில் திரும்பக் கிடைப்பதில்லை. கைப்பேசிச் செய்திக்காகக் காத்திருப்பதும் நல்லதல்ல. மின்சாரமும் கோபுரங்களும் தீக்கு முன்பே போய்விடலாம். 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனாவில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அறுந்தன, அபாயச் சங்குகளும் ஒலிக்கவில்லை.

மருந்து, கண்ணாடி, ஆவணங்கள், தண்ணீர், மின்னூட்டி எல்லாம் முன்பே ஒரு பையில் இருக்கட்டும். பருத்தி அல்லது கம்பளி உடை, முழுக்கை, மூடிய காலணி போதும். செயற்கை இழைத் துணி சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். ஜன்னல்களையும் உள்கதவுகளையும் மூடுங்கள், பூட்ட வேண்டாம். எரிவாயுவை அணைத்துவிட்டு, விளக்குகளை எரியவிட்டுப் போங்கள். புகைக்குள் வீடு இருக்கும் இடம் தீயணைப்பு வீரர்களுக்கு அதனால் தெரியும். தோட்டக் குழாயைத் திறந்துவிட்டுப் போவது உதவும் என்று பலர் நம்புகிறார்கள். ஊரே அப்படிச் செய்தால் குழாயில் அழுத்தம் விழுந்து, தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் கிடைக்காது. வண்டி நிறுத்தும் அறைக்கு மின்கதவு இருந்தால், மின்சாரம் இல்லாமல் கையால் திறப்பது எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2017-ல் வட கலிபோர்னியாவில் நடந்த தீயில் அந்தக் கதவைத் திறக்க முடியாமல் தவித்தவர்கள் இருந்ததால்தான், 2019 ஜூலை முதல் விற்கப்படும் கதவு இயந்திரங்களில் மாற்று மின்கலம் கட்டாயம் என்று கலிபோர்னியா சட்டம் கொண்டுவந்தது.

ஒருவேளை வண்டியோடு மாட்டிக்கொண்டால், ஓடுவதைவிட உள்ளே இருப்பதே பெரும்பாலும் மேல். கொல்வது அனல், உலோக உடலும் கண்ணாடியும் அதில் ஒரு பகுதியைத் தடுக்கும். புல்லும் மரமும் இல்லாத வெற்றிடத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, காற்றுத் துளைகளை மூடி, ஜன்னலுக்குக் கீழே தாழ்ந்து, கம்பளிப் போர்வையால் மூடிக்கொள்ள வேண்டும். முன்வரிசை கடந்து போனதும் வெளியேறலாம். பாரடைஸில் பலர் தப்பியதும் பெரிய வண்டி நிறுத்துமிடங்கள் போன்ற வெற்றிடங்களில் கூடியதால்தான். இது கடைசி வழி. திட்டமாக வைத்துக்கொள்ள வேண்டியது அல்ல.

வெளியேற வேண்டாத தூரத்தில் இருக்கும் குடும்பத்துக்கும் புகை வந்து சேரும். அதில் மிக மோசமானது 2.5 மைக்ரான் அளவுக்குட்பட்ட துகள். தலைமுடியின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் கடைசி அறைவரை போகும். ஈரத்துணியும் சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசமும் இதைத் தடுக்காது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 தடுக்கும், ஆனால் சின்னக் குழந்தைகளின் முகத்துக்கு அது சரியாகப் பொருந்தாது. அவர்களுக்கு, காற்று வடிகட்டி ஓடும் மூடிய அறை ஒன்றுதான் பாதுகாப்பு.

அப்புறம், திரும்பி வரும் நாள். மேலே அணைந்த தரைக்கடியில் வேர்கள் கனன்றுகொண்டிருக்கும். காலை வைத்தால் உள்ளே இறங்கும் குழிகள் இருக்கும். சாம்பலில் எரிந்த வீட்டின் வர்ணமும் பேட்டரியும் பிளாஸ்டிக்கும் கலந்திருப்பதால் குழந்தைகளை அதில் விடக்கூடாது. பலருக்குத் தெரியாத ஆபத்து தண்ணீர்க் குழாயில் இருக்கிறது. ஊர் எரியும்போது வீடுகளின் குழாய்கள் உடைந்து தண்ணீர் கொட்டும், அழுத்தம் போய்க் குழாய்த்தொடர் காலியாகும். அந்த வெற்றிடம் புகையை உள்ளே இழுக்கலாம். சூடான பிளாஸ்டிக் குழாயும் தானே சிதைந்து வேதிப்பொருள்களைக் கசியவிடும். 2017-ல் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவிலும் 2018-ல் பாரடைஸிலும் தீக்குப் பிறகு குழாய்த் தண்ணீரில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் கண்டுபிடிக்கப்பட்டது. அது குழாயின் சுவருக்குள் ஊறி, பல மாதங்கள் மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. கொதிக்கவைத்தால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்ற பழக்கம் இங்கே எதிராக வேலை செய்யும்: பென்சீன் எளிதில் ஆவியாகி, சமையலறைக் காற்றில் கலக்கும். சோதனை முடிவு வரும்வரை வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத்தான் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்த வேண்டும்.