எந்தக் கவுன்சிலர்? ஆங்கிலத்தில் எழுதும்போது கொஞ்சம் நின்று பாருங்கள்

ஒரு நகராட்சி வார்டு உறுப்பினர். மகள் வெளிநாட்டில் இருக்கிறார், அவருக்குப் பிரசவ நேரம், கூட இருக்கப் போக வேண்டும் என்று விசாவுக்கு விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பத்தை வேறு ஓர் இடத்தில் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நேர்காணலில் அவரிடம், 'நீங்கள் யாருக்கெல்லாம் ஆலோசனை தருகிறீர்கள், அதற்கு என்ன படித்திருக்கிறீர்கள்?' என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்களைப் பற்றிச் சொன்னாராம், தெருவிளக்கைப் பற்றிச் சொன்னாராம். கடைசியில் விளக்கக் கடிதம் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், அதை எழுதத்தான் என்னிடம் வந்தார்.

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் கவுன்சிலர் என்றுதான் இருந்தது, ஆனால் அது வேறு கவுன்சிலர்.

பதினைந்து வருடமாக மொழிபெயர்ப்பும் ஆவணத் தட்டச்சும்தான் என் பிழைப்பு. இதில் நான் அதிகம் திருத்திய சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், ஒரே மாதிரி சொல்கிறோம். ஆங்கிலத்திலும் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்தில்தான் பிரிகின்றன. மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றால் சி, ஓ, யு, என், அப்புறம் மறுபடியும் சி, ஐ, இரண்டு எல், ஓ, ஆர். மனநல ஆலோசகர், மாணவர்களுக்கு வழிகாட்டுபவர் என்றால் அந்த இரண்டாவது சி இருக்கும் இடத்தில் எஸ், ஐ இருக்கும் இடத்தில் இ. தூதரகங்களில் கவுன்சிலர் என்று ஓர் அதிகாரி இருப்பாரே, அவரும் இந்த எஸ் போட்டவர்தான். சிட்டிக்கும் சி, கார்ப்பரேஷனுக்கும் சி, கவுன்சிலுக்குள்ளும் சி என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அமெரிக்காவில் இரண்டு சொல்லுக்குமே பெரும்பாலும் ஒரு எல்தான் போடுவார்கள். நாம் எழுதுவது பிரிட்டிஷ் வழக்கம், அதனால் இரண்டு எல்.

கணினி இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் என்று நம்பி உட்காராதீர்கள். இரண்டுமே அகராதியில் இருக்கிற சரியான சொற்கள், எதன் அடியிலும் பெரும்பாலும் சிவப்புக் கோடு வராது. லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு, வீட்டு வாசல் பெயர்ப்பலகை எல்லாம் எஸ் போட்டு அடித்து, வருடக்கணக்கில் அப்படியே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊருக்குள் யாரும் கேட்கப்போவதில்லை, ஆளைத்தான் எல்லோருக்கும் தெரியுமே. தாள் ஊரைத் தாண்டும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அங்கே அந்த ஆள் இல்லை, எழுத்து மட்டும்தான் இருக்கிறது.

அந்த அம்மா கையோடு கொண்டுவந்த கடித வரைவில் இன்னொன்றும் இருந்தது: 'ஐ ஆம் ஒர்க்கிங் ஆஸ் கவுன்சிலர்'. நம்மில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். ஒர்க்கிங் என்று போட்டதும் படிக்கிறவர் மனதில் ஒரு வேலை, ஒரு முதலாளி, ஒரு சம்பளம் வந்துவிடுகிறது. அவர் வாங்குவது மதிப்பூதியம், அவரை அந்த இடத்தில் உட்கார வைத்தது வாக்காளர்கள். 'ஐ ஆம் அன் எலெக்டட் கவுன்சிலர்' என்று மாற்றினேன், அடுத்த வரியில் எந்த நகராட்சி, எத்தனையாவது வார்டு என்று சேர்த்தேன். இன்ன வார்டின் கவுன்சிலர் என்று சொல்ல ஆஃப் போடத்தான் கை போகும், 'கவுன்சிலர் ஃபார் வார்டு 14' என்பதுதான் இயல்பான ஆங்கிலம். மேயருக்கு மட்டும் ஆஃப்: மேயர் ஆஃப் சென்னை.

முன்னால் வரும் எ, தி என்ற சின்னச் சொற்கள் தமிழில் இல்லாததால் அங்கேயும் தடுமாறுகிறோம். ஒரு மன்றத்தில் பலர் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் என்றால் 'எ கவுன்சிலர்'. குறிப்பிட்ட வார்டுக்கு ஒருவர்தானே, அப்போது 'தி கவுன்சிலர் ஃபார் வார்டு 14'. பெயரோடு சேர்த்து எழுதினால் இரண்டும் வேண்டாம், வெறும் கவுன்சிலர் செல்வி. அந்த இடத்தில் முதல் எழுத்து பெரிய எழுத்து. கவுன்சிலர்கள் கூடினார்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது சின்ன எழுத்தே போதும். மரியாதைக்காக எல்லா இடத்திலும் பெரிய எழுத்துப் போடுகிறார்கள், மரியாதை அதில் கூடுவதில்லை.

சரி, எல்லா உறுப்பினரும் கவுன்சிலரா என்றால் இல்லை. மாநகராட்சி மாமன்ற உறுப்பினர், நகர்மன்ற உறுப்பினர், பேரூராட்சி மன்ற உறுப்பினர் எல்லோரையும் கவுன்சிலர் என்று எழுதலாம். கிராம ஊராட்சியில் இருப்பவர் வார்டு மெம்பர், அவரைக் கவுன்சிலர் என்று உயர்த்தி எழுதினால் சான்றிதழோடு ஒத்துப்போகாது. ஊராட்சித் தலைவரைப் பிரசிடென்ட் என்று மட்டும் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள், வில்லேஜ் பஞ்சாயத்து பிரசிடென்ட் என்று முழுதாக எழுதுங்கள். மும்பை, பெங்களூரு, ஹைதராபாத்தில் இதே பதவியைக் கார்ப்பரேட்டர் என்கிறார்கள். அங்கிருந்து வரும் தாளில் அதை அப்படியே விடலாம், ஆனால் இந்தியாவுக்கு வெளியே அந்தச் சொல்லை இந்தப் பொருளில் புரிந்துகொள்கிறவர்கள் குறைவு, பக்கத்தில் ஒரு விளக்கம் வேண்டும்.

எனக்கு ரொம்பவும் வருத்தம் தரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் அப்படித்தான். ஆனால் தட்டச்சுக்கு வரும் கடிதங்களில் லேடி கவுன்சிலர் என்று எழுதி வருகிறது, பெண் மேயருக்கு மேயரஸ் என்று எழுதி வருகிறது. ஆங்கிலத்தில் மேயரஸ் என்பது வழக்கமாக மேயரின் மனைவியைக் குறிக்கும் சொல். 1957-லேயே தாரா செரியன் சென்னைக்கு மேயராக இருந்தார், 2022-இல் பிரியா மேயரானார், இருவரும் மேயர்தான். பதவியின் பெயருக்கு ஆண், பெண் என்று வால் ஒட்ட வேண்டியதில்லை.

சில கடிதங்களில் மேலே கணவர் பெயர், அதன் கீழே கவுன்சிலர் என்று இருக்கும், ஜெயித்த பெண்ணின் பெயர் கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் வரும். ஆங்கிலத்தில் ஒரு பெயருக்கு அடியில் பதவியை எழுதினால் அந்தப் பெயருக்குரியவர்தான் அந்தப் பதவியில் இருக்கிறார் என்று பொருள், வேறு வழியில் படிக்க முடியாது. அப்படி ஒரு தாள் வந்தால் நான் தட்டச்சு செய்வதற்கு முன்பே சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருமுறை கூட வந்திருந்த மனைவிதான், 'அவங்க சொல்ற மாதிரியே போடுங்க' என்று மெதுவாகச் சொன்னார்.

விளக்கக் கடிதத்தை முடித்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயருக்குக் கீழே இருந்த சொல்லை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். அந்த இரண்டாவது சி வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்த தன் லெட்டர்பேடை எடுத்து மேசைமேல் வைத்தார், அதையும் பாருங்கள் என்று.